மாட்சிமை தங்கிய அரசின் நாகரிக வகுப்பு

நாகரிகம் என்றால் என்னவென்று சந்தேகம் உள்ளவர்கள் லண்டனிடம் கேட்கலாம். பாதி உலகத்துக்குப் பாடம் எடுத்த அனுபவஸ்தர்கள். கட்டணம்தான் சற்றுக் கூடுதல். நாட்டையே எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்த வகுப்பில் இப்போது பெஞ்சு மேல் ஏற்றப்பட்டிருப்பவர்கள் வட அயர்லாந்துக்காரர்கள் மூன்று பேர்: மோ காரா, மோக்லி பாப், டிஜே புரோவி. மூவரும் சேர்ந்தால் 'நீகேப்'. ஐரிஷும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடுகிறார்கள். 2024 ஜூன் 14 அன்று 'ஃபைன் ஆர்ட்' என்ற முதல் ஸ்டுடியோ ஆல்பம் வந்தது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, போதை மாத்திரை, போலீஸ் மேல் வசவு. அரசு முகம் சுளிக்கிறது. சுளிக்காதா பின்னே? எத்தனை நூற்றாண்டாகச் சுத்தபத்தமாக வாழ்ந்துவரும் அரசு!

பெயரிலேயே வம்பு. நீகேப் என்றால் முழங்கால் சில்லு. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று வட அயர்லாந்து அடித்துக்கொண்ட கலவர ஆண்டுகளில் ஆயுதக் குழுக்கள், போதை மருந்து விற்றான் என்று சொல்லியே பல பையன்களை முழங்காலில் சுட்டு 'நியாயம்' வழங்கின. அதே தெருக்களில் வளர்ந்தவர்கள் அந்தப் பெயரை மாட்டிக்கொண்டு போதையைப் பற்றியே பாடுகிறார்கள். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற தங்கள் தரப்புத் துப்பாக்கிக்காரர்களையும் சேர்த்தே நக்கலடிக்கிறார்கள் என்பது லண்டனுக்குப் புரியவில்லை. நக்கல் புரிய வேண்டுமானால் ஒருமுறையாவது அடி வாங்கியிருக்க வேண்டும்.

ஆல்பம் முழுக்க 'த ரட்ஸ்' என்ற கற்பனை மதுக்கடையில் ஒரே ராத்திரியில் நடக்கிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே குடிகாரப் பேச்சு, கிண்டல், கூச்சல். தலைப்பு பிறந்த கதை இன்னும் சுவை. 2022 ஆகஸ்டில் மேற்கு பெல்ஃபாஸ்டில், போலீஸ் ஜீப் ஒன்று பற்றி எரிவதுபோல் ஒரு சுவரோவியத்தைத் திறந்து வைத்தார்கள். கனவான்கள் குதித்தார்கள். அருமையான கலைப் படைப்பு ஆயிற்றே என்றார்கள் இவர்கள். அதையே ஆல்பத்துக்குப் பெயராகவும் வைத்துவிட்டார்கள். சுவரில் எரிந்த ஜீப்புக்காக மாரடித்த யாரும், அந்தத் தெருக்களில் நிஜமாக ஓடிய ஜீப்புகளால் வீடிழந்து, ஆளிழந்து நின்றவர்களுக்காக மூக்கைக்கூடச் சிந்தவில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். முதல் பாடம் மொழி. அயர்லாந்தின் நீதிமன்றங்களில் ஆங்கிலம் தவிர வேறு மொழி புழங்கக் கூடாது, மீறினால் 20 பவுண்டு அபராதம் என்று 1737-இல் ஒரு சட்டம் போட்டார்கள். வட அயர்லாந்தில் அதைத் தூக்கி எறிய இன்னொரு சட்டம் வந்தது 2022-இல். 285 வருடம்! எதையும் பதறாமல் நிதானமாகச் செய்வதுதானே பெரிய மனிதர்களுக்கு அழகு. 2017-இல் ஐரிஷ் மொழிச் சட்டம் கேட்டு ஊர்வலம் நடப்பதற்கு முந்தின இரவு, மோக்லி பாப்பும் நண்பர் ஒருவரும் பேருந்து நிறுத்தத்தில் 'உரிமைகள்' என்று ஐரிஷில் ஸ்பிரே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் போலீஸிடம் மாட்டினார். ஆங்கிலத்தில் பதில் சொல்ல மாட்டேன் என்றார். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை லாக்கப்தான். குழுவின் முதல் பாட்டு அதிலிருந்து பிறந்தது. போதைப் பொருளைப் பற்றிப் பேசுகிறது என்று அதை ஒலிபரப்பாமல் நிறுத்தியதும் ஓர் ஐரிஷ் மொழி வானொலிதான். சுத்தபத்தம் ஒரு கரையில் மட்டும் விளைகிற பயிர் அல்ல.

இரண்டாம் பாடம் அவை நாகரிகம். ஐரிஷ் பேசும் உறுப்பினர்கள் அவைத்தலைவருக்கு நன்றி சொல்லும் வாக்கியத்தை, 2014-இல் வட அயர்லாந்தின் ஸ்டார்மான்ட் சட்டமன்றத்தில் பிரிட்டன் ஆதரவுக் கட்சிக்காரர் கிரெகரி கேம்பல் தயிர், குழம்பு என்று திரித்துக் கேலி செய்தார். மன்னிப்புக் கேட்க மறுத்ததால் ஒருநாள் பேசத் தடை. அடங்கினாரா? அதே மாதம் தன் கட்சி மாநாட்டு மேடையில், போட்டிக் கட்சியின் கோரிக்கைப் பட்டியலைக் கழிப்பறைக் காகிதமாகத்தான் பாவிப்போம் என்றார். மண்டபம் கைதட்டியது. கோட்டு சூட்டு போட்டவர் கழிப்பறையைப் பற்றிப் பேசினால் அது அரசியல். டிராக் சூட்டுக்காரன் பேசினால் ஆபாசம்.

மூன்றாம் பாடம் சிக்கனம். 2016 டிசம்பர் 23 அன்று, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் ஐரிஷ் கற்கப் போவதற்கான 50,000 பவுண்டு உதவித்தொகையைக் கேம்பல் கட்சியின் அமைச்சர் பால் கிவன் வெட்டினார். வெட்டிய மின்னஞ்சல் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்தோடு முடிந்தது! எதிர்ப்புக் கிளம்பிய பிறகு திருப்பிக் கொடுத்தார். அதே கட்சியின் அன்றைய தலைவி ஆர்லீன் ஃபாஸ்டர் முன்பு அமைச்சராக இருந்தபோது தொடங்கிய வெப்ப மானியத் திட்டம் ஒன்று அப்போது நாறிக்கொண்டிருந்தது. மரத்துகள் எரித்தால், எரிபொருளுக்கு ஆகும் செலவைவிட அரசு தரும் மானியம் அதிகம். ஆக, எரிக்க எரிக்க லாபம். காலிக் கொட்டகைகளுக்கெல்லாம் சூடு வைக்கிறார்கள் என்று புகார். 490 மில்லியன் பவுண்டு வரை கூடுதல் செலவாகும் என்று கணக்கிட்டார்கள். ஆளில்லாத கொட்டகை குளிரில் நடுங்கக் கூடாது; பிள்ளை வாயில் மொழி விறைத்துப்போகலாம்.

நான்காம் பாடம் கருத்துச் சுதந்திரம். பல்கலைக்கழகங்களில் பேச்சுரிமையைக் காக்கவென்றே 2023-இல் சட்டம் போட்டது கன்சர்வேட்டிவ் அரசு. மறுவருடம் பிப்ரவரியில், இசை ஏற்றுமதித் திட்டத்தில் நீகேப்புக்குத் தேர்வுக்குழு ஒப்புக்கொண்ட 14,250 பவுண்டைத் துறை அமைச்சர் கெமி பேடனாக் நிறுத்திவைத்தார். ஐக்கிய இராச்சியத்தையே எதிர்ப்பவர்களுக்கு வரிப்பணத்தை ஏன் தர வேண்டும் என்று கேட்டது துறை. வசூலிக்கும்போது மட்டும் யாரிடமும் கொள்கை விளக்கம் கேட்பதில்லை. வழக்குப் போட்டார்கள். ஆட்சி மாறிய பின் 2024 நவம்பரில், அந்த முடிவு சட்டவிரோதம் என்று அரசே பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வந்த பணத்தை இரண்டாகப் பிரித்து, ஐரிஷ் தேசியவாதிகள் பகுதியில் ஓர் இளைஞர் அமைப்புக்கும் பிரிட்டன் ஆதரவாளர்கள் பகுதியில் ஒன்றுக்கும் கொடுத்துவிட்டார்கள் இந்த 'பிரிவினைவாதிகள்'. இணைப்பு, ஒற்றுமை என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிறவர்கள் அந்தத் தொகையில் பாதியையாவது இப்படிப் பங்கிட்டதுண்டா?

ஐந்தாம் பாடம் கொடி. 2024 நவம்பர் 21 அன்று லண்டன் மேடையில் ஹிஸ்புல்லா கொடியைக் காட்டினார் என்று மோ காரா மேல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. அவர் மறுத்தார். பிரதமர் ஸ்டார்மர், கிளாஸ்டன்பரி இசை விழாவில் இவர்கள் பாடுவது பொருத்தமில்லை என்றார். பிபிசி இவர்களை நேரலையில் காட்டவில்லை. அதே மேடையில் இவர்களுக்கு முன்பு பாடிய பாப் விலன் குழு இஸ்ரேல் ராணுவத்துக்குச் சாவு என்று முழங்கியதை மட்டும் நேரலையில் ஒளிபரப்பித் தொலைத்தது. வழக்காவது ஒழுங்காக நடந்ததா? அரசின் தலைமை வழக்கறிஞரிடம் உரிய நேரத்தில் அனுமதி வாங்காமல், ஆறு மாதக் கெடுவைக் கோட்டைவிட்டார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று நடுவர் வழக்கைத் தூக்கி எறிந்தார். இதே அரசு 2024 செப்டம்பரில் இஸ்ரேலுக்கான சுமார் 350 ஆயுத உரிமங்களில் 30 மட்டும் நிறுத்தியது. எஃப்-35 போர் விமானத்தின் உதிரிபாகங்களுக்கு விலக்கு. துணியைத் தூக்கினால் பயங்கரவாதம், குண்டு போடும் விமானத்துக்கு நட்டு போல்ட்டு அனுப்பினால் ஏற்றுமதி.

கடைசிப் பாடம் மன்னிப்பு. உங்கள் தொகுதி எம்பியைக் கொல்லுங்கள் என்று மேடையில் ஒருமுறை கத்தினார்கள். அது அத்துமீறல்தான், சந்தேகமே இல்லை. அந்தக் காணொளி 2025 ஏப்ரலில் வெளிவந்த சில நாட்களில், முந்தின ஆண்டுகளில் கொலையுண்ட இரண்டு எம்பிக்களின் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டதில் அன்றே 13 பேர் செத்தார்கள். அதற்காகப் பிரதமர் ஒருவர் மன்னிப்புக் கேட்டது 2010 ஜூன் 15. 38 வருடம். அதற்குள் தாய்மார் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த டெர்ரிக்காரர்தான் டிஜே புரோவி. ஐரிஷ் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் அடையாளம் தெரியக் கூடாதென்று மூவர்ண முகமூடி போட்டுக்கொண்டு மேடை ஏறினார். கண்டுபிடித்தார்கள், வேலை போனது. இன்று அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். டெர்ரிக் கொலைகளுக்காக விசாரிக்கப்பட்ட சிப்பாய்க்கு 'எஃப்' என்ற ஒற்றை எழுத்துதான் பெயர். நீதிமன்றத்தில் திரை கட்டி அதற்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ராணுவ ஒழுங்கையே தொலைத்துவிட்ட சிப்பாய்கள் என்று நீதிபதி கடிந்துகொண்டார். சாட்சியம் போதாது என்று 2025 அக்டோபரில் விடுதலையும் செய்தார். செத்தவர்களின் பெயர்கள் நினைவுச்சின்னத்தில் கல்லில் வெட்டிக் கிடக்கின்றன. முகத்தை மறைக்கும் உரிமை பாட்டுக்காரனுக்குக் கிடையாது, பட்டாளத்தானுக்கு உண்டு.