முப்பத்தைந்தின் இலக்கணம்: சிறுவடிவ டாங்கி சேகரிப்பு பற்றிய ஓர் ஆய்வு

போர்க்களத்தில் ஓடிய கவச வாகனங்களைக் குறித்த ஓர் அளவுவிகிதத்தில் சுருக்கி, அவற்றின் ஆணியும் திருகும் பிறழாதவாறு பிளாஸ்டிக்கில் அமைத்து, கண்ணாடி அலமாரியில் அடுக்கிக் காப்பதே சிறுவடிவ டாங்கி சேகரிப்பு எனப்படும். அளவுவிகிதம் என்பது அசலின் நீளத்துக்கும் படியின் நீளத்துக்கும் உள்ள தொடர்பாகும். 1:35 எனின், அசலின் 35 சென்டிமீட்டர் படியில் ஒரு சென்டிமீட்டர் ஆகும். இச்செயலைப் பொம்மை விளையாட்டு என்பாரும் உளர். விளையாடினால் உடையும் என்பதாலும், அது கருதியே எவரும் தொட விடப்படுவதில்லை என்பதாலும், அக்கூற்று பொருந்தாது.

இத்துறையில் முதன்மை பெற்ற 1:35 என்னும் விகிதத்தின் தோற்றம் ஆராயத்தக்கது. 1:72 என்பது ஆறடியை ஓர் அங்குலமாகவும், 1:48 என்பது நான்கடியை ஓர் அங்குலமாகவும் சுருக்குவதால், அவ்விரண்டும் கணக்கின் வழிவந்தவை. 1:35 அத்தகைய குலப்பெருமை உடையதன்று. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மர அறுவை நிறுவனமாகத் தொடங்கிய தாமியா, 1960களின் தொடக்கத்தில் மோட்டாரால் ஓடும் பாந்தர் டாங்கியின் படியை வெளியிட்டபோது, உள்ளே பேட்டரிகள் அடங்கும் அளவுக்கு உடலை அமைத்தது. பின்னர் அளந்து பார்த்தபோதே அது அசலில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு எனத் தெரியவந்தது. மோட்டார் இல்லாத படிகள் பெருகிய பின்னும் விகிதம் மட்டும் நிலைத்தது. ஆகவே, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிழையையும் பொறுக்காத ஒரு துறையின் அடித்தளம் பேட்டரியின் பருமனே என்பது பெறப்படும்.

இவ்விகிதத்தின் விளைவுகள் மூன்று. நீளம் 35 மடங்கு குறையும்போது கனஅளவு 42,875 மடங்கு குறைவதால், 57 டன் எடையுள்ள ஜெர்மானிய டைகர் டாங்கி, அதே எஃகால் செய்யப்படினும் ஒன்றேகால் கிலோவைச் சற்றே விஞ்சும். முப்பது சென்டிமீட்டர் தொலைவிலிருந்து படியைக் காண்பவர், அசலைப் பத்தரை மீட்டருக்கு அப்பால் நின்று காண்பவருக்கு ஒப்பாவர். இடையிலுள்ள காற்று நிறத்தை மங்கச் செய்யும் என்பது கருதி, நுணுக்கமுடையோர் வண்ணத்தில் சிறிது வெண்மை கலப்பர். மூன்றாவது விளைவு, உருவம் சுருங்கச் சுருங்க வழக்கு விரியும் என்பதாகும்.

அவ்வழக்குக்குச் சான்று நிறமாகும். ஜெர்மானியப் படை 1943 பிப்ரவரியில் கருமஞ்சளை அடிப்படை நிறமாக்கி, மேலே பூசுவதற்குரிய பச்சையையும் செம்பழுப்பையும் குழம்பாக அனுப்பியது. களத்தில் இருந்தோர் அக்குழம்பைத் தண்ணீரோ பெட்ரோலோ, கிடைத்ததைக் கொண்டு கரைத்துப் பூசியமையால் சாயல் வண்டிக்கு வண்டி வேறுபட்டது. குண்டுமழைக்கிடையே அவசரமாகப் பூசப்பட்ட அந்நிறத்தின் சரியான சாயல் யாது என்பது இன்றும் அமைதியான அறைகளில் ஆத்திரத்துடன் வாதிக்கப்படுகிறது. இதனினும் வியப்புக்குரியது சிம்மரிட். காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாதிருக்க 1943 முதல் 1944 செப்டம்பர் வரை ஜெர்மானிய டாங்கிகள் மீது அப்பப்பட்ட வரிவரியான பூச்சு அது. காந்தம் எவ்வகையிலும் ஒட்டாத பிளாஸ்டிக் மீது, காந்தத்தைத் தடுக்கும் பூச்சைப் பல இரவுகள் செலவிட்டு இழைப்பது இத்துறையின் உச்சநிலைத் தவமாகக் கொள்ளப்படுகிறது.

சேகரிப்போர் கட்டுவோர், எண்ணுவோர், அடுக்குவோர் என மூவகையினர். கட்டுவோர் ஒட்டிப் பூசி முடிப்பவர். எண்ணுவோர், பிறர் முடித்ததில் ஆணிகளை எண்ணி ஒன்று குறைவதை அறிவிப்பவர். அடுக்குவோர் ஆயுள் முழுதும் கட்டினாலும் தீராத அளவு பெட்டிகளை வாங்கிப் பிரிக்காமல் வைத்திருப்பவர். பிரிக்காத பெட்டியில் பிழை காண இயலாதாகலின், எண்ணுவோரின் கண்டனத்துக்கு ஆளாகாதவர் இவர் மட்டுமே.

இனி, ஓர் ஐயம்: சேறும் துருவும் புழுதியும் படிந்ததுபோல் வண்டியை அரும்பாடுபட்டு அழுக்காக்கியவர், பின்னர் அதில் தூசி படியாதிருக்கக் கண்ணாடிக் கதவு இடுவது முரண் அன்றோ எனின், அன்று. வண்ணப்பொடியால் ஆகிய அழுக்கு 1:35இல் அமைந்தது. வீட்டுத் தூசியோ 1:1இல் அமைந்தது. ஒரு மில்லிமீட்டர் தூசி அவ்வண்டிக்கு மூன்றரை சென்டிமீட்டர் புதைமண் ஆதலின், அதனை நீக்குவதே முறை. எனவே, அலமாரியைத் துப்புரவு செய்யப் புகும் இல்லத்தார் ஈரத்துணியை விடுத்து மென்தூரிகையைக் கொள்க. எக்காரணம் கொண்டும் வண்டியைப் பீரங்கிக் குழலைப் பற்றித் தூக்கற்க.