ராகுவுக்கு ராயல்டி உண்டா?

இந்த வாரம் தபால் பையைக் கவிழ்த்தால் ஒரே பாட்டாக விழுகிறது: பானி டைலரின் 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் த ஹார்ட்'. நாற்பது தாண்டிய பாட்டுக்கு இத்தனை வரன்களா! சரி, முட்டி மோதாமல் வரிசையில் வாருங்கள்.

● மாமா, தலைப்பைத் தமிழில் சொல்லுங்களேன்.
— கல்லூரி மாணவி, திருச்சி

'இதயத்தின் பூரண கிரகணம்.' இதே புகாருடன் டாக்டரிடம் போனால் ஈ.சி.ஜி., ஜோசியரிடம் போனால் பரிகாரம். அம்மணி பாட்டுக்காரரிடம் போனார், நம்பர் ஒன் ஆனார்.

● அவ்வளவு பெரிய ஹிட்டா?
— சந்தேகப் பிராணி, ஈரோடு

1983 மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம். அக்டோபரில் அமெரிக்காவிலும் முதலிடம், அதுவும் நான்கு வாரம். அங்கே உச்சிப்படியில் உட்கார்ந்த முதல் வேல்ஸ் நாட்டுக்குரல் இவருடையதுதான். அதே மண்ணின் சிங்கம் டாம் ஜோன்ஸ் இரண்டாம் படிவரை ஏறி இறங்கியவர்.

● அந்தக் குரலின் கரகரப்பு பிறவியிலேயே வந்ததா, பயிற்சியா?
— பாட்டு வாத்தியார், கும்பகோணம்

இரண்டும் இல்லை, ஆபரேஷன்! 1970களின் நடுவில் குரல்நாணில் முடிச்சுகள். வெட்டி எடுத்த டாக்டர், ஆறு வாரம் வாயே திறக்கக்கூடாது என்றார். அம்மணி ஒருநாள் பொறுமை இழந்து கத்திவிட்டார். குரல் கரகரத்தது, 1977இல் 'இட்ஸ் எ ஹார்ட்டேக்' பாடி உலகப் புகழ் வந்தது. டாக்டர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று நீர் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்.

● பானி டைலர் என்பது நிஜப் பெயரா?
— வாசகர், விருதுநகர்

வீட்டில் வைத்தது கேனர் ஹாப்கின்ஸ். குரலையும் மாற்றி, பேரையும் மாற்றிக்கொண்டவர். நியூமராலஜிக்காரர்கள் இதைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

● பாட்டை எழுதிய புண்ணியவான் யார்?
— வங்கி ஊழியர், சேலம்

ஜிம் ஸ்டைன்மன். வார்த்தை, மெட்டு, தயாரிப்பு மூன்றும் அவரே. மீட் லோஃப் பாடிய 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' (1977) இவர் கைவண்ணம். அடக்கி வாசிப்பது என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். அகல்விளக்கு கேட்டால் சொக்கப்பனை கொளுத்துவார்.

● இந்தப் பாட்டே தனக்காக எழுதியது என்று மீட் லோஃப் சொன்னாராமே?
— வம்பு விரும்பி, மதுரை

சொன்னார். பக்கத்து இலைக்குப் பாயசம் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் இந்தப் பாயசத்துக்கு அந்த இலைதான் பொருத்தம்.

● அமெரிக்காவில் இது முதலிடத்தில் இருந்தபோது இரண்டாம் இடத்தில் இருந்த பாட்டு எது?
— புள்ளிவிவரப் புலி, கோவை

ஏர் சப்ளை குழுவின் 'மேக்கிங் லவ் அவுட் ஆஃப் நத்திங் அட் ஆல்'. எழுதியவர்? அதே ஸ்டைன்மன்! முதல் பந்தி, இரண்டாம் பந்தி இரண்டுக்கும் ஒரே சமையல்காரர்.

● இடையிடையே ஓர் ஆண்குரல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறதே, யார் அது?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

கனடாக்காரர் ரோரி டாட். உலகமே அவர் பாடும் பகுதியைச் சேர்ந்து கத்துகிறது, பேரைக் கேட்டால் விழிக்கிறது. மாப்பிள்ளைத் தோழன் ஜாதகம் எப்போதும் அப்படித்தான்.

● பியானோவும் டிரம்ஸும் அதிர்கிறதே?
— கச்சேரி ரசிகர், மயிலாப்பூர்

அதிராமல்? பியானோ ராய் பிட்டன், டிரம்ஸ் மேக்ஸ் வைன்பர்க். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்ட் ஆட்கள். தனி ஆவர்த்தனம் தரவில்லை என்று கோபித்துக்கொள்ளாமல் வாசித்தார்கள் பாருங்கள், அதற்குத் தனி சபாஷ்.

● வீடியோவைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. கதை என்ன?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

உங்களுக்கே புரியவில்லையா? அது உங்கள் கதைதானே! ஆண்கள் விடுதிப் பள்ளி. வெள்ளை உடையில் ஆசிரியை. ராத்திரி அவருக்குக் கனவு. மெழுகுவர்த்தி எரிகிறது, திரைச்சீலை பறக்கிறது, புறா பறக்கிறது, நீச்சல்காரர், வாள்வீச்சுக்காரர், நிஞ்சா எல்லாரும் வருகிறார்கள். ஹோம்வொர்க் நோட்டு மட்டும்தான் வரவில்லை.

● அந்தப் பையன்களின் கண் ஏன் டார்ச் லைட் மாதிரி எரிகிறது?
— எட்டாம் வகுப்பு மாணவன், கரூர்

மூலக் காரணம் ரத்தக் காட்டேரி. ஸ்டைன்மன் நோஸ்ஃபெராட்டு கதையை இசை நாடகமாக்க யோசித்துக்கொண்டிருந்தபோது பிறந்த பாட்டு இது. அவர் சொன்னபடி முதலில் வைத்த பேரே 'வேம்பயர்ஸ் இன் லவ்'. 1997இல் வியன்னாவில் அரங்கேறிய 'டான்ஸ் டேர் வாம்பியரே' நாடகத்தில் அதே மெட்டைப் பேய்களே பாடின. பதினான்கு வருஷம் வாடகை வீட்டில் இருந்த பேய், ஒருவழியாகச் சொந்த வீட்டுக்குக் குடிபோனது.

● எங்கே படம் பிடித்தார்கள்? பங்களா பயங்கரமாக இருக்கிறதே!
— லொகேஷன் மேனேஜர், வடபழனி

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஹாலோவே சானடோரியம். மாத்திரை விற்றுக் கோடீஸ்வரரான தாமஸ் ஹாலோவே கட்டிய மனநல மருத்துவமனை. 1885இல் திறந்தார்கள், 1980இல் மூடினார்கள். கீழ்த்தளத்தில் மின் அதிர்ச்சி வைத்தியம் தந்த அறைகளுக்குள் காவல் நாய்கள்கூட கால் வைக்க மறுத்தன என்று டைலர் சொல்லியிருக்கிறார். பிற்பாடு அந்த இடம் சொகுசுக் குடியிருப்பாகிவிட்டது. நாய் பயந்த இடத்தில் மனிதன் இ.எம்.ஐ. கட்டுகிறான்.

● இயக்குநர் யார்? இலங்கைப் பக்கம் வந்தவர் என்கிறார்களே?
— வாசகி, மட்டக்களப்பு

வந்தவர்தான். ஆஸ்திரேலியர் ரஸ்ஸல் மல்காஹி. டுரான் டுரான் குழுவின் 'ஹங்ரி லைக் த வுல்ஃப்', 'சேவ் எ ப்ரேயர்' இரண்டையும் உங்கள் நாட்டில் எடுத்தார். சீகிரியாக் குன்றின் உச்சியில் பாட்டுக்காரர்களை ஏற்றிவிட்டவர். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி ஒளிபரப்பிய முதல் வீடியோவும் இவர் படைப்பே: 'வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்'. ரேடியோவுக்குக் கொள்ளி வைத்த கையால்தான் இதற்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

● வீடியோவின் கடைசியில் கைகுலுக்கும் பையன், கால்பந்து வீரர் ஜான்ஃப்ராங்கோ ஸோலாவாமே?
— செல்சி ரசிகன், வியாசர்பாடி

வதந்தி. ஸோலாவே மறுத்துவிட்டார். பந்தைத் தொட்டவரைக் கையைத் தொட வைத்தது நம் ஆட்களின் கற்பனைவளம்.

● இந்த வீடியோவைக் கிண்டல் செய்து ஏதோ வந்ததாமே?
— மீம் கிரியேட்டர், சென்னை

உங்கள் தாத்தாக்கள் செய்த வேலை, தம்பி! 2009இல் ஒருவர் இதே மெட்டில், திரையில் ஓடுவதை அப்படியே வரிக்கு வரி வர்ணித்துப் பாடினார். பாட்டை மாற்றினார், படத்தைத் தொடவேயில்லை. காமெடிக்குத் தேவையானது ஏற்கெனவே அதில் இருந்தது.

● கிரகணம் வந்தால் இந்தப் பாட்டு விற்குமாமே? ராகுவுக்கு ராயல்டி உண்டா?
— பஞ்சாங்கப் பிரியர், ஸ்ரீரங்கம்

2017 ஆகஸ்ட் 21, அமெரிக்காவில் பூரண சூரிய கிரகணம். ஐடியூன்ஸ் பட்டியலில் முப்பத்து நான்கு வயதுப் பாட்டு மறுபடி உச்சிக்குப் போனது. டைலரும் உல்லாசக் கப்பலில் ஏறி, கிரகண நேரத்திலேயே அதைப் பாடினார். விழுங்குவது ராகு, ஏப்பம் விடுவது ரெக்கார்டு கம்பெனி.

● முழுப் பாட்டும் ஒரு கிரகணத்துக்குள் அடங்குமா?
— வானியல் ஆர்வலர், கொடைக்கானல்

அப்படிக் கேளுமையா! 2017 கிரகணம் அதிகபட்சம் 2 நிமிடம் 40 விநாடி. பல்லவியோடு சூரியன் வந்துவிடும். 2024 ஏப்ரலில் 4 நிமிடம் 28 விநாடி, சிங்கிள் ரெக்கார்டுக்கு ஏறக்குறையச் சரி. 2027 ஆகஸ்ட் 2இல் எகிப்தின் லக்ஸர் பக்கம் 6 நிமிடத்துக்கு மேல் இருட்டு, வீடியோவே ஓட்டலாம். ஆல்பத்தில் உள்ளதோ கிட்டத்தட்ட ஏழு நிமிடம். ஏழைத் தாண்டும் அடுத்த கிரகணம் 2150 ஜூன் 25. டிபன் கட்டிக்கொண்டு காத்திரும்.

● யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் தோற்றாராமே?
— குறும்பு, புதுச்சேரி

2013, மால்மோ நகரம், பிரிட்டன் சார்பில் பத்தொன்பதாம் இடம். அன்று ஜெயித்த பாட்டின் பெயர் ஞாபகம் இருக்கிறதா? இல்லையல்லவா? தபால்தலையை மிச்சம் பிடியுங்கள்.

● ஸ்டைன்மன் இப்போது?
— வாசகர், திருநெல்வேலி

2021 ஏப்ரலில் காலமானார். அடுத்த ஜனவரியில் மீட் லோஃபும் போனார். பாயசப் பஞ்சாயத்து இடம் மாறித் தொடர்கிறது.

● பாட்டு ஓவர், வீடியோ ஓவரோ ஓவர், அர்த்தம் பூஜ்யம். பிறகு ஏன் மாமா பிடிக்கிறது?
— 'லாஜிக்' லட்சியவாதி, அண்ணா நகர்

கூத்தில் துரியோதனன் கிரீடத்தைப் பார்த்து 'சைஸ் பெரிசு' என்று யாராவது திருப்பிக் கொடுத்ததுண்டா? கொஞ்சம் மிகையானால் சிரிப்போம். மூச்சுமுட்ட மிகையாகி, அதைப் பாடுகிற தொண்டை ஒரு வார்த்தையைக்கூட சந்தேகிக்காமல் பாடினால், கையெடுத்துக் கும்பிடுவோம்.

வானத்திலும் இதே சட்டம்தான். சூரியன் அரைகுறையாக மறைந்தால் கிரகணக் கண்ணாடி போட்டே தீரவேண்டும், இல்லையேல் கண் போய்விடும். முழுசாக மறைந்த அந்தச் சில நிமிடம் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். கழற்றுமையா உமது கண்ணாடியை!