காலித் தொட்டிக் காவலர்

சேரம்பாடிப் பக்கம் ஆர்க்கிட் வளர்ப்பது பெரிய காரியமில்லை. வளராமல் தடுப்பதுதான் சிரமம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா மரம் இருந்தால் போதும். கேட்காமலே கவட்டையில் சிம்பிடியம் வந்து உட்காரும், கிளையில் ரிங்கோஸ்டைலிஸ் தொற்றிக்கொண்டு கோடை முடிவில் சரம் சரமாகப் பூத்துத் தொங்கும். வயநாட்டு எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘மரவாழை’ என்று ஒரே பெயர். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பலா பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் நிமிர்வார்கள்.

இந்த ஊரில், கிரீட்டிலும் சிசிலியிலும் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் முளைக்கும் ஒஃப்ரிஸ்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்தான் நம் ஆர்க்கிட் ஐயா. இவரைத் தனி ஆளாக எண்ண வேண்டாம், இது ஓர் இனம். குன்னூரில் பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவராக, கோத்தகிரியில் அறிவியல் வாத்தியாராக இருப்பார். சேரம்பாடிக் கிளையைச் சேர்ந்தவர் தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவர். முப்பது வருஷம் லட்சக்கணக்கான செடிகளுக்கு நடுவே நடந்து எதையும் செல்லமாக அழைக்காத மனிதர், இப்போது ஒரு தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதனிடம் பேசுகிறார்.

பேச்சுக்கு ஆள் கிடைத்தால் அவர் தொடங்குவது எப்போதும் 1880-லிருந்துதான். அந்த வாக்கில் லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்று, தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் தோண்ட வந்தார்கள். சில வருஷத்துக்குள் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதே காலத்தில் அதே லண்டனில் சீமான்கள் ஆர்க்கிட் ஏலத்தில் பணத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். “குழிக்குள்ள குனிஞ்சவன் ஒரு தடவை மரத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தா!” என்பார் ஐயா. நிமிராததே நல்லது என்பது என் கட்சி. அகத்தியமலையில் மட்டுமே காணும் பாபியோபெடிலம் துருரியைத் தேடி நிமிர்ந்தவர்கள், அது வெகுகாலம் கண்ணில் படாமல் போய் 1972 வாக்கில் மீண்டும் அகப்பட்டபோது, மிச்சத்தையும் பிடுங்கிப் போனார்கள்.

அடுத்தது கோவிந்துவின் கதை. கம்பெனிக்காலத்து மருத்துவர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களைப் படத்தொகுதிகளாக அச்சிட்டபோது, அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். இதைச் சொல்லும்போது ஐயாவின் குரல் தழுதழுக்கும். அந்தப் பெயர் இன்று செல்லாது, டிராபிடியாவில் கரைத்துவிட்டார்கள் என்னும்போது அதே குரல் கொதிக்கும். 1997-இல் மரபணுவைப் பார்த்து ஆர்க்கிஸ் பேரினத்தில் ஒரு பகுதியைப் பிரித்து அனகாம்ப்டிஸ் என்றார்களே, அன்றைக்கு அவர் பட்ட பாடு தனி. அவர் தொட்டிகளில் செருகியிருப்பவை ஐஸ்கிரீம் மரக்கரண்டிகள். அத்தனையையும் சுரண்டிப் பென்சிலால் புதுப் பெயர் எழுதினார். ரேஷன் கார்டில் பேரன் பெயரைச் சேர்க்கத்தான் இன்னும் நேரம் வரவில்லை.

ஒஃப்ரிஸ் மேல் ஏன் இத்தனை மோகம்? பூ இரண்டு விரற்கடை கூட இருக்காது. ஆனால் அதன் உதடு அச்சாக ஒரு தேனீ போல, ரோமமும் பளபளப்புமாக இருக்கும். பெட்டைத் தேனீயின் வாசனையையும் அதுவே தயாரிக்கும். ஆண் வந்து கட்டிக்கொள்ளும், தேன் ஒரு துளி கிடைக்காது, நெற்றியில் மகரந்த மூட்டையைச் சுமந்துகொண்டு போய் அடுத்த பூவிலும் அதே பாட்டைப் படும். அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த பூயான் என்ற பிரெஞ்சுக்காரர் வருஷக்கணக்கில் செடிகளின் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கவனித்து 1916-இல் எழுதினார். ஒரு நீதிபதியே செய்திருக்கிறார் என்பது ஐயாவுக்குப் பெரிய பலம். வீட்டம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “ஏமாறுறது ஆம்பளை வண்டு மட்டும்தானாங்க?”

இவர் வைத்திருக்கும் ஒஃப்ரிஸ் அபிஃபெரா அந்த ஏமாற்றைக்கூடப் பெரும்பாலும் கைவிட்ட சாதி. மகரந்தத்தைத் தானே சூலகமுடிமேல் சாய்த்துத் தன் கல்யாணத்தைத் தானே முடித்துக்கொள்ளும். டார்வின் 1862-இல் வெளியிட்ட ஆர்க்கிட் புத்தகத்திலேயே இது பேசப்பட்டிருக்கிறது. வண்டே வேண்டாத பூவுக்கு வண்டு வேஷம் எதற்கு என்று மட்டும் ஐயாவிடம் கேட்டுவிடக் கூடாது. பஸ் போய்விடும்.

செடி வந்த கதையைச் சொல்ல ஒரு ஃபைல் வைத்திருக்கிறார். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காட்டில் பிடுங்கிய கிழங்கைப் பெட்டிக்குள் சுருட்டிக்கொண்டு வந்தால் அது கடத்தல். ஆய்வுக்கூடத்தில் விதையிலிருந்து கண்ணாடிக் குடுவைக்குள் வளர்த்த நாற்றுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. என்றாலும் 2003-ஆம் ஆண்டின் இந்தியத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதிச்சீட்டு, நோயில்லாச் சான்றிதழ் எல்லாம் தனியே வேண்டும். ஃபைலின் கனம் குடுவையின் கனத்தைத் தாண்டிவிட்டது.

நாற்று பூப்பதற்கும் வருஷங்கள் ஆகும். ஆர்க்கிட் விதை தூசிக்கும் சின்னது, கட்டுச்சோறு கிடையாது. மண்ணில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும் என்பதை 1899-இல் நோயல் பெர்னார் கண்டார். பூஞ்சை இல்லாமல் சர்க்கரைக் கூழிலேயே முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் லூயிஸ் நட்சன் காட்டினார். இந்த இருவர் படமும் ஐயா வீட்டு ஹாலில் மாட்டப்படாததற்கு வீட்டம்மா மட்டுமே காரணம்.

உண்மையான கூத்து ஜூனில்தான். மத்தியதரைக் கடலோரத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சொட்டு மழை இருக்காது. ஒஃப்ரிஸ் இலை, தண்டு எல்லாம் காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். இலையுதிர் காலத்து மழையில் விழித்து, குளிரில் தரையோடு இலை விரித்து, மார்ச், ஏப்ரலில் பூக்கும். சேரம்பாடியில் அந்த மூன்று மாதமும் வானம் பிளந்து கிடக்கும். பக்கத்துத் தேவாலாவைச் சிரபுஞ்சி என்று பத்திரிகைகள் எழுதுவது சும்மா இல்லை. தோல் பெல்ட்டில் பூஞ்சணம், கண்ணாடிக் கூட்டில் பூஞ்சணம், அப்பளத்தில் பூஞ்சணம். துணியைக் கணப்புக் கூடையின் மேல் போட்டு உலர்த்துகிற காலத்தில், ஒரு தொட்டி மண் மட்டும் ஈரமாகக் கூடாது.

தொட்டி முதலில் கார் ஷெட்டுக்குப் போனது. அங்கிருந்து படுக்கையறைப் பரணுக்கு. கடைசியில் விறகடுப்புக்கு மேலே, புளிப்பானைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் நிரந்தர இடம் பிடித்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் தூக்கிப் பார்த்தார்.

“ஐயா, இதுல ஒண்ணுமே இல்லையே. மண்ணைக் கொட்டிட்டுத் தொட்டியக் கழுவிடட்டுமா?”

“ஐயையோ, வேண்டாம்மா! அது தூங்குது.”

அன்று முதல் தொட்டியில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘காலி இல்லை. உறக்கத்தில் உள்ளது.’ வந்த பேரன் மூன்று நாள் அடுக்களையில் சத்தமில்லாமல் நடந்தான்.

உள்ளூர்த் தரை ஆர்க்கிடான ஹபனேரியாவும் வைத்திருக்கிறார். அது நேர்மாறு. தென்மேற்குப் பருவமழையில் எழும், மழைக்காலம் முடிந்தால் மண்ணுக்குள் போகும். ஆக வருஷம் முழுக்க ஐயா ஏதாவதொரு காலித் தொட்டிக்குக் காவல் இருப்பார்.

மண் கலவையில் அவர் செய்யும் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும், ஒஃப்ரிஸுக்குச் சுண்ணாம்பு மண். கவாத்து முடிந்த தோட்டத்தில் டோலமைட் போட்ட அனுபவம் கைகொடுத்தது. பொடித்த செங்கல், கழுவிய ஆற்று மணல், கொஞ்சம் இலைமக்கு, ஒரு பிடி டோலமைட். தண்ணீர் குருத்தில் நின்றால் அழுகிவிடும் என்று தொட்டியைத் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுவார். ஆண்டுக்கொரு முறை பிரித்துப் பார்க்கும்போது சுருங்கிக் கறுத்த பழைய கிழங்கும், பக்கத்தில் கெட்டியாக வெள்ளைவெளேரென்று புதுக் கிழங்கும் இருக்கும். அந்த ஒரு நாள் அவருக்குத் தீபாவளி.

அப்படிப் பிரித்து வைத்த ஒரு நாளில்தான் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். கிழங்கை விரலில் உருட்டிப் பார்த்தவர், “இது சாலாமிசிரி இல்ல? லேகியத்துல போடுவாங்களே! நாட்டு மருந்துக் கடையில கொள்ளை விலையாச்சே!” என்றார். சொன்னதில் தப்பில்லை. ஆர்க்கிஸ், ஒஃப்ரிஸ் வகைக் கிழங்குகளைத்தான் துருக்கியில் உலர்த்தி அரைத்துப் பாலில் காய்ச்சிக் குடிக்கிறார்கள், ஐஸ்கிரீமைக்கூட இழுவையாக்குகிறார்கள். அந்த வகைச் சரக்குதான் உடல் வலுவுக்கென்று நம் மருந்துக் கடை டப்பாவிலும் இருக்கிறது. துருக்கியிலேயே காட்டுச் செடிகள் அருகிப் போனதற்கு இந்தக் குடியும் ஒரு காரணம். ஐயா இதையெல்லாம் அத்தைக்கு விளக்கினார். அத்தை கேட்டுவிட்டு, “சரி மாப்பிள்ளை, பழைய கிழங்கையாவது குடுங்க” என்றார். மாமியார் ஊர் திரும்பும்வரை கிழங்குகள் பீரோவில் பூட்டியிருந்தன.

வெளிப்பகைக்கும் குறைவில்லை. கிழங்கு என்றால் முள்ளம்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் உயிர். யானை வேறு. வீடுவீடாக உடைத்து அரிசி தேடிய ‘புல்லட்’ யானையை 2024 டிசம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் போகும்வரை ஊரே தூங்கவில்லை. ஐயாவும் தூங்கவில்லை, அடுப்படிச் சுவரை நினைத்து. “அரிசி மூட்டைய வேற ரூமுக்கு மாத்துங்க” என்று வீட்டம்மா சொன்னதை இவர் உடனே கேட்டது கல்யாணமான நாளிலிருந்து அதுவே முதல் தடவை.

பூத்தால் விருந்தாளிகள் பாடு திண்டாட்டம். ஊட்டி மலர்க் கண்காட்சியைப் பார்த்துப் பழகியவர்கள், தட்டு அகலப் பூவை எதிர்பார்த்து வருவார்கள். கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்துச் சிமெண்ட் தரையில் முட்டி போட வைப்பார். “தேனீ தெரியுதா?” என்று மூன்று முறை கேட்பார். தெரிகிறது என்று சொல்லும்வரை காப்பி வராது.

இப்போது அவர் கண் சைப்ரிபீடியம் என்ற இன்னொரு ஆர்க்கிடின் மேல் விழுந்திருக்கிறது. இங்கிலாந்துக் காடுகளில் அந்தச் செடி ஒற்றை ஆளாகிவிட, யார்க்‌ஷயரில் அது இருக்குமிடத்தைச் சொல்லாமல் பல பத்தாண்டு பாதுகாத்தார்கள் என்று படித்ததிலிருந்து உறக்கமில்லை. அதற்கு வேண்டியது மூன்று மாதக் கடுங்குளிர். சேரம்பாடியில் அந்தக் குளிர் ஃப்ரிட்ஜில்தான் உண்டு. நடுத்தட்டைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது. மத்தி மீன் டப்பாவுக்கு அடியில் என்றால் சம்மதம், டப்பாவை நகர்த்தக் கூடாது, தொட்டியில் அட்டை தொங்கக் கூடாது என்று வீட்டம்மா தரப்பு நிபந்தனை வைத்திருக்கிறது. அட்டை விஷயத்தில் ஐயா இன்னும் இறங்கி வரவில்லை.