நான்கு பேருக்கு மூன்று துண்டு

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு வணக்கம்.

லண்டனில் இருப்பவர்கள் வெளியே போனால் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று சென்ற மாதம் தொலைபேசியில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அந்நகரின் நடுப்பகுதியில் இப்போது தெருவுக்குத் தெரு காணப்படும் ஒருவகை உணவகம் காலையில் காப்பியும் முட்டையுமாகத் திறந்து இரவில் மதுவோடு மூடுவதாலும், அதன் உணவுப் பட்டியலில் துருக்கியும் கொரியாவும் பெருவும் மெக்சிகோவும் ஐக்கிய நாடுகள் சபையில் இருப்பதைவிட நெருக்கமாக உட்கார்ந்திருப்பதாலும், அது எவ்வகைப்பட்டது என்பதை முதலில் வரையறுத்துவிட்டே மேலே செல்ல வேண்டியுள்ளது.

அதற்கு அங்கே வழங்கும் பெயர் 'ஆல் டே', அதாவது நாள் முழுதும் அடுப்பு அணையாத உணவகம் என்பதாகும். விடியற்காலை ஐந்து மணிக்கே பொங்கல் வடை போடும் பேருந்து நிலைய ஓட்டல்களைக் கண்டவர்களுக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். ஆனால் இங்கிலாந்தில் நல்ல உணவகங்கள் பகலுணவு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மாலையில்தான் மீண்டும் மூட்டுவது வழக்கம். மதுக்கடைகளுக்கோ, முதல் உலகப்போரின்போது வெடிகுண்டு ஆலைத் தொழிலாளர்கள் தெளிந்த தலையோடு வேலைக்கு வரவேண்டும் என்பதற்காக விதிக்கப்பட்ட பிற்பகல் மூடல், போர் முடிந்து எழுபது ஆண்டுகள் வரை நீடித்து, 1988இல்தான் சட்டத்தால் தளர்த்தப்பட்டது. ஆகவே மாலை நான்கு மணிக்குப் பசிப்பது அந்நாட்டில் அண்மைக்காலத்தில் கிடைத்த உரிமைகளுள் ஒன்று.

இவ்வுணவகங்களின் இரண்டாவது இலக்கணம் 'ஸ்மால் பிளேட்ஸ்' எனப்படும் சிறுதட்டு முறை. ஒருவருக்கு ஒரு தட்டு என்றில்லாமல், உள்ளங்கையளவுத் தட்டுகளில் பலவற்றை வரவழைத்து மேசையில் உள்ள அனைவரும் பகிர்ந்து உண்பது என இதனை விளக்கலாம். ஸ்பெயினில் மதுவோடு கொறிக்கும் 'தபாஸ்' இதற்கு மூத்த உறவு. 'தபா' என்றால் ஸ்பானிய மொழியில் மூடி. உலகச் சுவைகளை ஒரே பட்டியலில் கலப்பதற்கு லண்டனில் மதிப்புத் தேடித் தந்தவர்களுள் நியூசிலாந்துச் சமையற்கலைஞர் பீட்டர் கார்டன் முக்கியமானவர். ஆசிய நாடுகளில் நெடும்பயணம் செய்தபின் லண்டனில் நிலைகொண்ட அவர், 2001இல் மேரிலபோன் ஹை ஸ்ட்ரீட்டில் நண்பர்களோடு தொடங்கிய 'தி பிராவிடோர்ஸ்' உணவகத்தின் தரைத்தளத்துக்கு 'தபா ரூம்' என்று பெயர். அப்பெயர் ஸ்பானிய மூடியை நினைவூட்டினாலும், உண்மையில் பசிபிக் தீவுகளில் மரப்பட்டையை அடித்து மென்மையாக்கிச் செய்யும் 'தபா' துணி ஒன்று அங்கே சுவரில் தொங்கியதால் வந்தது. அடித்த தயிரின்மேல், ஓடில்லாமல் வெந்நீரில் வேகவைத்த முட்டைகளை இட்டு, மிளகாய் காய்ச்சிய வெண்ணெயை ஊற்றித் தரும் துருக்கி முட்டைக்காக அங்கே மக்கள் காத்திருந்தனர். தயிரும் முட்டையுமா என்று பெரியம்மா முகம் சுளிப்பது தெரிகிறது; ஆயினும் ஒவ்வொரு பொருளையும் அதன் ஊரில் தின்று பார்த்தவர் செய்த கலப்பு அது. 2019இல் அவ்வுணவகம் மூடப்பட்டது. அவருக்குப்பின் வந்தவர்கள் எல்லோரும் அவ்வளவு தூரம் பயணம் செய்ததாகத் தெரியவில்லை. சிலர் மளிகைக் கடை வரை மட்டுமே சென்றிருக்கக்கூடும்.

பெயர் குறிப்பிட வேண்டாத அத்தகைய ஓர் உணவகத்துக்கு அண்மையில் தமிழர் நால்வர் சென்றனர். பரிமாற வந்த இளைஞர், இதற்குமுன் இங்கே வந்ததுண்டா என்று வினவி, இல்லையென்றதும், ஆளுக்கு இரண்டு மூன்று தட்டுகள் சொல்லவேண்டும் என்றும், அவை வரிசைப்படி வாரா, எது முதலில் வெந்ததோ அது முதலில் வரும் என்றும் விளக்கினார். சமையலறையின் வசதிக்கான இந்த ஏற்பாடு விருந்தினருக்கான சலுகைபோல் எடுத்துரைக்கப்பட்டது பாராட்டத்தக்கது. பட்டியலில் 'கன்பவுடர்', அதாவது வெடிமருந்து, என்றிருந்தது இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ப்பொடியே என்பதை அவர் பொறுமையோடு விவரித்தபோது நால்வரும் அப்போதுதான் கேட்பவர்போல் தலையசைத்தனர்.

முதலில் வந்த கருகச் சுட்ட காலிஃபிளவரில் துண்டுகள் மூன்று. இவ்வுணவகங்களில் எத்தனை பேர் சென்றாலும் அவர்களால் வகுபடாத எண்ணிக்கையிலேயே துண்டுகள் வரும் என்பதை ஒரு விதியாகவே கொள்ளலாம். தமிழ்ப் பந்தியிலும் பலவகை உணவு ஒரே இலைக்கு வருகிறதெனினும், யாருக்கு எது குறைந்தது என்று பார்த்துக்கொண்டே நடக்கப் பந்தி விசாரிப்பவர் ஒருவர் உண்டு. அங்கோ அப்பொறுப்பு உண்பவர் தலையிலேயே விழுகிறது. ஆகவே முதல் இருவர் ஒவ்வொரு துண்டை எடுத்துக்கொண்டபின், மூன்றாவது துண்டு 'நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற உபசாரத்தின் நடுவே ஆறிப்போய், இறுதியில் கத்தியால் இரண்டாக வெட்டப்பட்டது. ஏழு தட்டுகள் இவ்வாறே வந்து போயின.

விசாரணையே இல்லை என்று கூறுவதும் முறையன்று. ஒவ்வாமை தரக்கூடிய 14 உணவுப் பொருள்கள் எவற்றில் கலந்துள்ளன என்பதை உணவகங்கள் தெரிவிக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்று இருமுறை கேட்டார்கள். போதுமா என்று மட்டும் ஒருமுறையும் கேட்கவில்லை. அந்தப் பதினான்கில் எள்ளும் கடுகும் அடங்கும் என்பதால், பெரியம்மாவின் சமையலறை அங்கே மாற்றப்பட்டால் வாசலிலேயே ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டியிருக்கும்.

தட்டுகள் சிறியவை என்பதால் கட்டணமும் சிறிதாக இருக்கும் என்று எண்ணலாகாது. தட்டு ஒன்றுக்குச் சராசரி பத்துப் பவுண்டு வீதம் எட்டுத் தட்டுக்கு எண்பது பவுண்டும், அதன்மேல் விரும்பினால் மட்டும் தரலாம் என்று அச்சிட்டிருந்தும் மறுக்க ஒருவருக்கும் துணிவு வராத பன்னிரண்டரை விழுக்காட்டுச் சேவைக் கட்டணமாகப் பத்துப் பவுண்டும் சேர்ந்து, கணக்கு தொண்ணூறில் நின்றது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அந்தப் பத்தும் பணியாளர்களுக்கே முழுமையாகச் சேரவேண்டும் என்பதால், மிளகாய்ப்பொடி விளக்கத்துக்குச் சன்மானம் கிடைத்தது.

இப்படிக்கு,
லண்டனில் இருக்கும் தம்பி மகன்

பின்குறிப்பு: எட்டாவது தட்டு விடுபட்டுவிட்டது. அது இனிப்பு, ஏலக்காய் மணத்த சிறு கேக் ஒன்று, நான்கு கரண்டிகளோடு வந்தது. அன்று அம்மேசைக்குத் தலைக்கு ஒன்றாகக் கணக்குத் தவறாமல் வந்தவை அக்கரண்டிகள் மட்டுமே.