கோதுமைக்குத் தடையில்லை

ரஷ்யாவில் பிறப்பதென்றால் கோதுமையாகப் பிறந்திருக்க வேண்டும். ஒடெஸ்ஸாவில் கப்பலேறினால் லண்டன், ஹாம்பர்க் என்று ஊர் சுற்றலாம்; ஜார் ஆண்டாலும் சரி, கட்சி ஆண்டாலும் சரி, ஒருவரும் மறிக்க மாட்டார்கள். அதை விதைத்து அறுத்தவன்தான் ஊர் எல்லையைத் தாண்டச் சீட்டுக்குக் கைகட்டி நிற்க வேண்டும்.

1861இல் இரண்டாம் அலெக்சாண்டர் பண்ணையடிமைகளை விடுவித்தார். விடுதலை தந்த ஜார் என்று பட்டமும் கிடைத்தது. பாட்டன் பூட்டன் காலம் முதல் உழுதுவந்த நிலத்தில் நல்லதாக ஒரு துண்டைப் பண்ணையார் வெட்டி எடுத்துக்கொள்ள, மிச்சத்தை உழுதவனுக்கே விற்றார்கள். பண்ணையாருக்கு அதன் விலையை அரசு கடன்பத்திரமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டது. குடியானவன் அரசுக்குக் கட்ட வேண்டிய தவணை, ஆண்டுக்குக் கடனில் 6 சதவீதம் வீதம் 49 ஆண்டுகள். ஒருவன் கட்டாமல் ஓடிவிட்டால் ஊரே சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் எவனையும் ஓடவிடாமல் ஊரே காவல் காத்தது. காலில் கிடந்த விலங்கைக் கழற்றி, அதற்கு விலை போட்டு, கழற்றப்பட்டவன் தலையிலேயே கட்டிய சாமர்த்தியம் இது.

பிறகு நிதியமைச்சராக வந்தார் விஷ்நெகிராத்ஸ்கி. அறுவடை முடிந்த கையோடு வரியைக் கறந்தால், வரி கட்ட வேண்டியே குடியானவன் தானியத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவான், கப்பல் நிரம்பும், கஜானாவில் தங்கம் சேரும் என்று கணக்குப் போட்டவர். அரைவயிறாகக் கிடந்தாலும் ஏற்றுமதி செய்வோம் என்று அவர் சொன்னதாக இன்றுவரை பேச்சு. தமிழில் பெயர்ப்பவனுக்கு இங்கே ஒரு சிக்கல். ரஷ்ய மொழியில் ‘நாம்’, ‘நாங்கள்’ வித்தியாசம் கிடையாது, நமக்கு உண்டு. அரைவயிறாகக் கிடப்பது ‘நீங்கள்’, ஏற்றுமதி செய்வது ‘நாங்கள்’ என்று போட்டால்தான் மொழிபெயர்ப்பு சுத்தமாக வரும்.

1891இல் வோல்காப் பக்கம் வானம் பொய்த்தது. வரிக்குப் போனது போக வீட்டில் குதிர் காலி. ரை மாவோடு தவிடும் காட்டுக்கீரை விதையும் கலந்து ரொட்டி சுட்டார்கள். அடுப்புக்கரிபோல் கறுத்து, பிட்டால் உதிர்ந்து, வாயில் வைத்தால் கசந்து, தின்ற பிள்ளையை வாந்தியெடுக்க வைத்த ரொட்டி. அந்தக் கீரைக்கு நம் ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்று பெயர்; பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும். ‘பஞ்சம்’ என்று பத்திரிகைகள் எழுதக்கூடாது. ‘விளைச்சல் குறைவு’ என்று எழுதலாம். ஏற்றுமதித் தடைகூட முன்கூட்டியே தேதி சொல்லித்தான் வந்தது, வியாபாரிகள் அதற்குள் அனுப்ப முடிந்ததை அனுப்பிக்கொள்ளட்டும் என்று. பட்டினியும் காலராவும் டைபஸும் சேர்ந்து சுமார் 4 லட்சம் பேரைக் கொண்டுபோயின.

1917இல் புரட்சி. நிலம் உழுதவனுக்கு என்றார்கள். அதில் விளைந்தது யாருக்கு என்பதைச் சொல்லவில்லை. 1918 முதல் துப்பாக்கியோடு படைகள் கிராமம் கிராமமாக வந்து, விதைநெல் என்று நாம் சொல்வோமே, அந்த விதைத் தானியத்தைக்கூட வழித்துப்போயின. 1921-22 பஞ்சத்தில் சுமார் 50 லட்சம் சாவு. அமெரிக்க நிவாரணக்காரர்கள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, 1922 முடிவதற்குள் சோவியத் தானியம் மறுபடி கப்பலேறியது.

ஸ்டாலின் இதிலெல்லாம் முழுமை காண்பவர். நிலத்தையும் மாட்டையும் கூட்டுப்பண்ணையில் சேர்த்து, 1931இல் ஏறக்குறைய 50 லட்சம் டன் தானியத்தை வெளியே அனுப்பினார். 1932 ஆகஸ்ட் 7இல் ஒரு சட்டம்: பண்ணைச் சொத்தைத் திருடினால் சுட்டுக்கொல்லலாம், இரக்கம் காட்டினால் 10 ஆண்டு சிறை. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிய தாய்மாரும் திருடிகள் ஆனார்கள். அதே டிசம்பரில் உள்நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது. பட்டணத்தானுக்கு உண்டு, கூட்டுப்பண்ணைக்காரனுக்குக் கிடையாது. 1933 ஜனவரி 22இல், உக்ரைனிலிருந்தும் குபானிலிருந்தும் குடியானவர்களை வெளியே விடாதே என்று உத்தரவு. சாவதாக இருந்தாலும் உரிய மாவட்டத்தில்தான் சாக வேண்டும். அந்த ஆண்டும் சுமார் 17 லட்சம் டன் கோதுமையும் பிறவும் தடையில்லாமல் எல்லை தாண்டின. ‘பஞ்சம்’ என்ற சொல் மறுபடியும் தலைமறைவு.

பட்டணத்தில் மட்டும் ‘தோர்க்சின்’ என்றொரு அரசாங்கக் கடை திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மாவு, வெண்ணெய், சர்க்கரை. முன்னால் ஒரு சிறிய தராசு. கல்யாண மோதிரம், கழுத்துச் சிலுவை, பாட்டியின் தோடு, எதுவானாலும் போடலாம். கல்லைப் பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுத்து, சீட்டு எழுதித் தருவார்கள். குடியானவன் வயலில் விளைந்த மாவை அவன் மனைவியின் மோதிரத்துக்கு விற்ற அரசுதான், வட்டிக்கடைக்காரனை வர்க்க எதிரி என்று சுவரெல்லாம் எழுதிவைத்தது.

எத்தனை பேர் செத்தார்கள்? 50 லட்சத்துக்குக் குறையாது, 70 லட்சம் என்பாரும் உண்டு. 1937 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் குறைந்தது. கணக்கை ரத்து செய்து, எடுத்த அதிகாரிகளில் சிலரைச் சுட்டு, குறைந்ததை இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். குடியானவர்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் ரஷ்யப் பெயரின் முதலெழுத்துகளை ‘போல்ஷெவிக்குகளின் இரண்டாம் பண்ணையடிமை முறை’ என்று விரித்துப் படித்தார்கள். அவர்களிடம் பறிக்காமல் விட்டது அந்த நக்கல் ஒன்றுதான்.

பள்ளிக்கூட நாளில் என் நோட்டுப் புத்தகத்துக்கு ‘சோவியத் நாடு’ பத்திரிகைத் தாளில்தான் அட்டை. வழவழவென்று, தண்ணீர் பட்டாலும் ஊறாது. பூகோள நோட்டின் மேல், கைநிறையக் கதிர்க்கட்டோடு ஒரு கூட்டுப்பண்ணைப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். கூட்டுப்பண்ணைக்காரர்களுக்கும் பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்று அவளுடைய அரசாங்கம் முடிவெடுத்தது 1974இல். கொடுக்கத் தொடங்கியது 1976இல். அவள் படம் அதற்கு முன்பே மதுரை வரை வந்துவிட்டது.