ஸ்டாப்பர் அண்ணாச்சி

எங்கள் நாகர்கோவில் பக்கத்துச் சாயாக் கடைகளில் சாயாவுக்குக் காசு உண்டு, ரசவடைக்குக் காசு உண்டு. பந்துகளியை, அதாவது கால்பந்தைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் இலவசம். வேண்டாம் என்று எழுந்து போனாலும் வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்து கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அதை வழங்குவதற்கென்று கடைக்கு ஒருவர் இருப்பார். தக்கலையில் ஒருவர், கருங்கலில் ஒருவர், குளச்சலில் தெருவுக்கு ஒருவர். எங்கள் கடையில் இருப்பவருக்கு ஸ்டாப்பர் அண்ணாச்சி என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்து வந்தால், “அப்படி இங்க ஆள் இல்லியே” என்று கடைக்காரரே திருப்பி அனுப்பிவிடுவார்.

கோல் கீப்பருக்கு முன்னால் நட்டநடுவில் நிற்கிற பேக்குக்குத்தான் எங்கள் ஊரில் ஸ்டாப்பர் என்று பெயர். அந்தக் காலத்தில் அண்ணாச்சி ஊர் டீமில் அந்த வேலை பார்த்தவர். ஆட்டத்தை விட்டு நாற்பது வருஷம் ஆகியும் அவர் உடம்பு அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பெஞ்சில் சுவரோரத்து மூலையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாரென்றால், உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் அவரிடம் நாலு வார்த்தை பேசாமல் தாண்ட முடியாது. பேப்பரின் விளையாட்டுப் பக்கம் காலை ஆறு மணிக்கு அவர் கையில் சிக்கினால் ஒன்பது மணி வரை யாருக்கும் பாஸ் கிடைக்காது.

அண்ணாச்சிக்குக் கொள்கை ஒன்றுதான். உலகத்தில் நடந்த நல்லதெல்லாம் பேக்கால் நடந்தது. கெட்டதெல்லாம் பேக்கைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததால் நடந்தது.

“கோல் அடிச்சவனைத் தோள்ல தூக்குகான். அடிக்க விடாதவனை எவனாவது தூக்கியிருக்கானா வே?” என்று ஆரம்பிப்பார். அப்புறம் சான்றுகள் வரும், வருஷத்தோடு.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. நம் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. தூக்கி ஃபார்வேர்டாகப் போட்டார். தென்கொரியாவுடன் இறுதிப் போட்டி. ஜர்னைல் ஒரு கோல் அடித்தார், இந்தியா 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது. “பேக்கை முன்னால போட்டா கோல் அடிப்பான். ஃபார்வேர்டைப் பின்னால போட்டா? கோல் வாங்குவான்.”

2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஜிதான் தலையால் முட்டியதை உலகமே பேசுகிறது. முட்டு வாங்கிய மட்டெராசி ஒரு பேக் என்பதும், அன்று இத்தாலிக்குச் சமன் செய்யும் கோலை அடித்தவர் அவரே என்பதும் அண்ணாச்சி சொல்லித்தான் பலருக்குத் தெரியும். அதே மட்டெராசி 2014-ல் சென்னையின் எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்து அடுத்த வருஷமே ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வாங்கிக் கொடுத்தார். “முட்டினவன் கதையைச் சொல்லுகிய. நெஞ்சைக் கொடுத்து வாங்கினவன் கதையை ஒருத்தனும் சொல்ல மாட்டான்.”

மூன்றாவது சான்றுக்கு அவர் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்வார். 1741, குளச்சல் சண்டை. டச்சுக் கம்பெனிப் படை தோற்றது, அதன் தளபதி டிலனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டார். “ராஜா அவரை என்ன செஞ்சாரு? வெட்டினாரா? இல்ல. நம்ம டீமுக்கு எடுத்துக்கிட்டாரு. படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னாரு. வட்டக்கோட்டை, உதயகிரிக் கோட்டைன்னு வரிசையா டிஃபென்ஸ் பலப்படுத்திக் கொடுத்தாரு அந்த மனுஷன். செத்த பிறகும் உதயகிரிக் கோட்டைக்குள்ளதான் கிடக்காரு, பொசிஷனை விட்டு மாறல்ல. இந்தியாவுல முதல் ஃபாரின் பிளேயர் சைனிங் எங்க நடந்திச்சு? குளச்சல்ல!”

இப்படிப்பட்டவருக்கு 2017 ஜூலை 23 எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்! அன்றுதான் மும்பையில் ஐ.எஸ்.எல். டிராஃப்ட். ஏலம் கிடையாது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் சம்பளம் முன்னமே முடிவாகியிருக்கும். அணிகள் முறை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். சாயா மாஸ்டருக்கு இது விளங்கவில்லை. அண்ணாச்சி விளக்கினார்.

“நாம சின்னப் பிள்ளையில உத்தி பிரிச்சோம்லா, அதுதான். ரெண்டு பேர் தலைவன். மத்தவன் எல்லாம் சோடி சோடியாத் தோள்ல கை போட்டு அந்தால போயி, ரகசியமாப் பேரு வச்சிட்டு வருவான். ‘சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?’ தலைவன் எதைக் கேக்கானோ, அந்தப் பேருக்காரன் அவன் கட்சி.”

“அப்போ வித்தியாசமே இல்லியா அண்ணாச்சி?”

“உண்டு. உத்தியில யாரு வருவான்னு தெரியாமத் தப்பான ஆளை எடுத்தோம். இவனுவ தெரிஞ்சே எடுக்கானுவ.”

ஆனால் அன்று முதலில் கூப்பிட்ட பெயரே ஒரு பேக்கின் பெயர். மலப்புறத்துக் கொண்டோட்டிக்காரர், ஒரு காலத்தில் ஆட்டோ ஓட்டியவர், அனஸ் எடத்தொடிகா. புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் அணி அவரை எடுத்தது. சம்பளம் 1 கோடியே 10 லட்சம். சேதி வந்ததும் அண்ணாச்சி கடையில் இருந்த அத்தனை பேருக்கும் சாயா சொன்னார். காசு கொடுக்கும் நேரத்தில், “கணக்குல எழுதிக்கோ மக்கா, பேக்குக்கெல்லாம் நல்ல காலம் வந்தாச்சு” என்றார். அந்த எட்டு சாயாவும் இன்னும் கணக்கில்தான் இருக்கிறது.

சந்தோஷம் சாயங்காலம் வரைதான். ராத்திரி சென்னையின் அணியின் பட்டியலைப் பார்த்தார். இவருக்கு ஏன் சென்னை மேல் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர், சென்னை எழுநூறு. எங்கள் ஊரில் பாதிப் பேர் மஞ்சள் சட்டை போட்டுக் கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கத்துவார்கள், பாதிப் பேர் நீலம் போட்டுச் சென்னைக்குக் கத்துவார்கள். கேரளத்தோடா தமிழ்நாட்டோடா என்று 1956 நவம்பர் 1-ம் தேதி முடிந்துபோன எல்லைப் பிரச்சினை, இரண்டு அணிகளும் மோதுகிற ராத்திரியில் மட்டும் டிவி முன்னால் மறுபடி விசாரணைக்கு வரும். அண்ணாச்சி நீலக் கட்சி. ஆகவே சென்னையின் பேக் வரிசை அவருடைய சொந்தப் பொறுப்பு.

முதல் ஆட்சேபம் ஜெர்ரி லால்ரின்ஸுவாலா. மிசோரம் பையன், பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை, லெஃப்ட் பேக். அணி அவரை டிராஃப்டுக்கே விடாமல் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. “மீசை ஒழுங்கா முளைக்கல்ல. அவன்கிட்ட வீட்டுச் சாவியைக் கொடுக்கானுவ!” அடுத்து ரைட் பேக்காக வந்த ஸ்பெயின்காரர் இனிகோ கால்டெரோன். “முப்பத்தஞ்சு வயசு! முப்பத்தஞ்சு வயசுல எனக்கு ரெண்டு மக!” ஒரு பக்கம் வயது போதாது, மறுபக்கம் வயது அதிகம். “ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா சரியா வருதே” என்றார் சாயா மாஸ்டர். அண்ணாச்சி அன்று கடனுக்குக்கூடச் சாயா குடிக்காமல் போனார்.

பால் பில்லின் பின்பக்கம் அவர் பதினொரு புள்ளி வைத்துப் படம் போடுவார். அதில் ஏழு புள்ளி பின்னால் நிற்கும். மிச்சம் உள்ளவர்களில் கோல் கீப்பர் போக மூன்று பேர், போனால் போகிறது என்று முன்னால். “அப்போ கோல் எவன் அடிக்கது?” என்று கேட்டால், “வாங்காம இருந்தாப் போதாதா? கல்யாண வீட்டுக்குப் போறவன் மொய் வாங்கவா போறான்?” என்பார். இந்த உவமை எங்கே பொருந்துகிறது என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த பில்லைத் திருப்பியிருப்பார்.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூருடன் சென்னைக்கு ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. ஒன்பதாவது நிமிஷமே பெங்களூரின் சுனில் சேத்ரி கோல் போட்டார். அண்ணாச்சி டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டார். “முடிஞ்சு. நான்தான் சொன்னேன்லா, பேக் சரியில்லன்னு.” பதினேழாவது நிமிஷம் கார்னர். சென்னையின் பிரேசில்காரர், ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ், தலையால் போட்டார். முதுகு லேசாக அசைந்தது. பாதி ஆட்டம் முடிகிற நேரத்தில் மறுபடி கார்னர், மறுபடி மைல்சன், மறுபடி தலை. முதுகு போய் முகம் வந்தது. மூன்றாவது கோலை ரஃபேல் அகஸ்டோ அடிக்க, சென்னை 3-2 என்று கோப்பையை எடுத்தது.

“ஸ்டாப்பர் ரெண்டு கோல்! நான் அப்பவே சொன்னேன்!”

“எப்போ சொன்னிய?” என்றார் மாஸ்டர்.

“நீ பால் ஆத்திட்டிருந்த.”

ஜெர்ரியையும் கால்டெரோனையும் அதற்குப் பிறகு அவர் ‘நம்ம பையன்’, ‘நம்ம பெரியவர்’ என்றுதான் சொன்னார்.

அண்ணாச்சியின் கொள்கைக்கு உண்மையான சோதனை பெங்களூரிலிருந்து வரவில்லை. பக்கத்திலேயே, இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தது. மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று அடுத்தடுத்து ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் கரை மணலில் பந்து அடித்து வளர்கிற இடம். மணலில் ஓடிய காலுக்குப் புல்தரை சும்மா சிமெண்டு ரோடு மாதிரி. அங்கிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணிக்கு ஐ-லீக்கில் நடுக்களத்தில் ஆடிப் பெயர் வாங்கி, ஜாம்ஷெட்பூர் போய், 2019-ல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடதுபக்க விங் பேக் ஆக்கினார்.

“அண்ணாச்சி, கேட்டியளா? நம்ம மாவட்டத்துப் பையனைப் பேக் ஆக்கிட்டான். உங்களுக்குச் சந்தோஷம்தானே?” மாஸ்டர் சாயாவை ஆற்றாமல் பாத்திரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “பேக்குங்கது பெரிய பொறுப்பாக்கும். அதை நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா, இந்தப் பையனுக்குக் கால்ல வித்தை இருக்கு. கோல் போடுத கால். அவனைக் கொண்டு போயிப் பின்னால…”

“பின்னால?”

“சாயாவை ஆத்து வே, ஆறிப் போகுது.”

விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்று மேடையில் முழங்கிவிட்டு வந்து, பெண் கேட்டு வருகிறவனிடம் அரசாங்க வேலை உண்டா என்று விசாரிப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதுகெலும்பு மற்றவன் வீட்டு மாப்பிள்ளையாக இருக்கும்வரை எவ்வளவு உயர்ந்தது!

2020 மார்ச் 14-ல் கோவாவில், ஆளில்லாத மைதானத்தில் ஏடிகே இறுதிப் போட்டியில் சென்னையை 3-1 என்று அடித்தது. அண்ணாச்சியின் அணி தோற்றது, அண்ணாச்சியின் மாவட்டம் ஜெயித்தது. மறுநாள் சிரிப்பதா அழுவதா என்று தீர்மானிக்க முடியாமல் அரைச் சாயா சொன்னார். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜுக்கு முழங்காலில் அடிபட்டு அந்த சீசனே போனது. அன்று அண்ணாச்சி யாரையும் குறை சொல்லவில்லை. பால் பில் மேஜையில் அப்படியே கிடந்தது, ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை. போன மாதம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகள் வழிப் பேரன் பள்ளிக்கூட டீமில் சேர்ந்தான். டிரில் மாஸ்டர் அவனை ஸ்டாப்பர் ஆக்கிவிட்டார். அண்ணாச்சி என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்து, “விடு மக்கா, கிரவுண்டுக்கு” என்றார். வழியெல்லாம் பொரிந்தார். “எனக்க பேரனை எதுக்குப் பின்னால கொண்டு நிறுத்துகான்? பந்தைக் கண்டா முன்னால பாயுத பிள்ளை அது.”

டிரில் மாஸ்டர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி அண்ணாச்சி, அவனை முன்னால போட்டிரலாம். பதிலுக்கு இந்தப் பிள்ளைகள்ல ஒரு ஸ்டாப்பரை நீங்களே சொல்லுங்க” என்றார்.

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று அண்ணாச்சி நாற்பது வருஷமாகக் காத்திருந்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். “நெட்டையனா? உயரம் இருக்கு, பந்து வரும்போது கண்ணை மூடுகான். இவன் கொள்ளாம், ஆனா ரெண்டு பேர் கூப்பிட்டா ரெண்டு பக்கமும் ஓடுவான். இது வேகம். வேகம் விங்குக்கு, ஸ்டாப்பருக்கு அடக்கம் வேணும். இந்தச் சவம் பந்தை விட்டுட்டு ஆளைப் பாக்கு.” இருபது நிமிஷம். ஒவ்வொரு பையனாகக் கழித்துக்கொண்டே போனார். கழிக்கக் கழிக்கக் குரல் தணிந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒருவன்தான் மிச்சம். கோல் போஸ்டுக்கு முன்னால், முழங்காலில் மண்ணோடு, பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். பிறகு மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து ஸ்கூட்டரில் ஏறினார்.

கடையில் மாஸ்டர் காத்திருந்தார். “என்ன அண்ணாச்சி, டிரில் மாஸ்டரை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டியளா?”

அண்ணாச்சி சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி வழியை அடைத்தார்.

“அவருக்குப் பந்துகளி தெரியும் வே. சாயா எடு. இதையும் கணக்குல எழுதிக்கோ.”