சுண்ணாம்பு தடவாத கலயம்

ஏலே மருமவனே, வா. அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. வேட்டியில தூசி ஒட்டும்னு பாக்காத. தட்டுனாப் போயிரும்.

நேத்து ராத்திரி மொட்டை மாடியில நீயும் உன் கூட்டாளிகளும் பேசுனது எல்லாம் என் காதுல விழுந்துச்சு. எனக்குக் காது மந்தம்னுதான் ஊர்ல பேச்சு. வேண்டாத பேச்சுக்குத்தாம்லே அது மந்தம். "பயலுக்கு 14 வயசாச்சு. நாளைக்கு வெளிய போய்க் கண்டவன்கூடக் குடிக்கதுக்கு, நம்ம கண்ணு முன்னால, நம்ம கையாலயே ரெண்டு வாய் பீரு குடுத்துப் பழக்கிட்டா என்ன?"ன்னு கேட்ட. ஒரு கூட்டாளி, "சூப்பர் மச்சான், இதான் மாடர்ன் பேரன்டிங்"ன்னான். மத்தவனெல்லாம் தலையாட்டுனான். அது பேச்சுக்கு ஆடுன தலையா, உள்ள போன சரக்குக்கு ஆடுன தலையான்னுதான் எனக்கு வெளங்கல.

அப்பன் ஊத்துனா அது பழக்கம், அடுத்தவன் ஊத்துனா அது குடி. அப்படியா சங்கதி? ஊத்துத கை யாரு கைன்னு பீருக்குத் தெரியுமால?

காலையில நடந்ததை யோசிச்சுப் பாரு. அதே பயலுக்கு நான் ஒரு பட்டை பதனீரும் நாலு நுங்கும் குடுத்தேன். "ஐயோ மாமா, இன்ஃபெக்‌ஷன் ஆயிரும்"னு ஓடி வந்து பிடுங்குன. பிஸ்கட்டு வாங்குனா உறையைத் திருப்பி எத்தனை கிராம் சீனின்னு கண்ணாடி போட்டு வாசிக்க. பீரு பாட்டிலை மட்டும் திருப்பிப் பாக்கலியோ? அதுலயும் எழுதித்தான் இருக்கு, குடி உடம்புக்குக் கேடுன்னு. விக்கவன் உள்ளதைச் சொல்லித்தான் விக்கான். வாங்கிட்டு வந்தவன் பிள்ளைகிட்ட "சும்மா டேஸ்ட் பாரு"ங்கான். பனைமரத்தடியில பாலைக் குடிச்சாலும் கள்ளும்பாங்கன்னு பழமொழி இருக்கு. இப்ப ஹால்ல உக்காந்து கள்ளைக் குடிச்சாலும் 'கல்ச்சர்'னு ஆகிப்போச்சு.

என் கதையைக் கேளு. எங்க ஐயா பனையேறி. விடியுமுன்ன ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை மரம் ஏறுவாரு. அப்ப மதுவிலக்குக் காலம். ராஜாஜி 1937-ல சேலத்துல ஆரம்பிச்சு வச்சது, 1948-ல மாகாணம் பூராவும் வந்துட்டு. எங்க தாய்மாமனும் பனையேறிதான். பத்து மரம் ஏறுவாரு. ஒன்பது கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவாரு. பத்தாவது கலயத்துக்கு மட்டும் தெனமும் மறந்துரும் அவருக்கு. அப்படியொரு ஞாபகமறதி.

எனக்கு 12 வயசுல ஒருநாள் அந்தப் பத்தாவது கலயத்துல இருந்து ஒரு பட்டை ஊத்தித் தந்தாரு. "நான் பக்கத்துல இருக்கேன்லா, குடி மாப்பிள்ள"ன்னாரு. பாத்தியா, நீ நேத்துக் கண்டுபிடிச்ச மாடர்ன் பேரன்டிங்கை எங்க மாமன் 1961-லயே கண்டுபிடிச்சிட்டாரு. குடிச்சேன். புளிச்சுது. மூஞ்சியைச் சுளிச்சேன். மாமன் சிரிச்சாரு. சுளிச்ச மூஞ்சி ஒரு வாரத்துல நேராயிட்டு. ரெண்டாவது வாரம் அந்தப் பத்தாவது மரம் எதுன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் மாமனுக்குக் கலயம் பாதிதான் கிடைக்கும். மீதியை அணில் குடிச்சிட்டுப் போகுதுன்னு ரொம்ப நாள் நம்புனாரு, பாவம்.

பக்கத்துல ஆள் இருந்தாரே, என்னத்தைத் தடுத்தாரு?

எங்க ஐயாவுக்குச் சேதி தெரிஞ்சுது. அடிக்கல. பனங்காட்டு விடிலிக் குடிசைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆத்தா கருப்பட்டி காய்ச்சிக்கிட்டு இருந்தா. ரெண்டு கலயத்தை எடுத்து முன்னால வச்சாரு. "ரெண்டும் ஒரே மரத்துச் சாறுதாம்லே. இதுல சுண்ணாம்பு இருக்கு, பதனீரு. அதுல இல்ல, கள்ளு. நான் ராத்திரி பூரா மரத்தடியில உக்காந்து அந்தக் கலயத்தையே பாத்துக்கிட்டு இருந்தாலும் அது பதனீராகாது"ன்னாரு. அவ்வளவுதான். எந்திரிச்சு அடுத்த மரத்துக்குப் போயிட்டாரு.

படிச்சவன் உனக்கு அது ஏன்னு தெரிஞ்சிருக்கும். சாறுல சர்க்கரை இருக்கு. ஈஸ்டு காத்துல வரும், கலயத்துலயும் ஒட்டிக் கிடக்கும். ரெண்டும் சேந்தாப் புளிப்புத்தான். சுண்ணாம்பு குறுக்க நின்னா ஈஸ்டுக்கு அங்க வேலை இல்ல. காவல் இருக்கது வேற, சுண்ணாம்பு வேற. நீ காவலுக்கு ஆள் போட்டுட்டு, சுண்ணாம்பு தடவியாச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்க.

"மறைச்சு வச்சாத்தான் மாமா ஆசை வரும்"ங்க. சரி. உன் மோட்டார் சைக்கிள் சாவியை ஏன் ஆணியில மாட்டி வச்சிருக்க? பயலுக்கு அதுல ஆசை வராதா? "இந்தா, என் கண்ணு முன்னால நாலு வழிச் சாலையில ஒரு ரவுண்டு டேஸ்ட் பாரு"ன்னு குடுக்க வேண்டியதுதான? "அது எப்படி, வயசு ஆகலியே"ம்ப. ஆங், இப்ப நீயே சொல்லிட்ட பாத்தியா.

அடுத்து பிரான்சுக்குப் போவ. "அங்க பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுலயே ஒயின் குடுத்துப் பழக்குதான்"ம்ப. ஆமா, பழக்குனான். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மேசையிலயே ஒயின் இருந்துச்சு. அவனே 1956-ல 14 வயசுக்குக் கீழ உள்ள பொடிசுகளுக்கு வேண்டாம்னு நிறுத்துனான். 1981-ல பெரிய பள்ளிக்கூடத்துலயும் நிறுத்திட்டான். அவன் கழட்டிப் போட்ட சட்டையை நீ புதுசுன்னு எடுத்து மாட்டிக்கிட்டு வாரியே!

நான் பட்டிக்காட்டான், என் பேச்சு வேண்டாம். நர்சுக்குப் படிக்க என் பேத்தி சொன்னதைக் கேளு. ஆஸ்திரேலியாவுல 1,900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 12 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும், ஆறு வருசம், வருசா வருசம் விசாரிச்சுக்கிட்டே போனாங்களாம். 2018-ல லான்செட் குடும்பத்து மருத்துவப் பத்திரிகை ஒண்ணுல அது வந்துச்சு. அப்பன் ஆத்தா கையால வாங்குன பிள்ளை வெளிய வாங்காதுன்னுதான எல்லாரும் நினைக்கோம்? நடந்தது தலைகீழ். வீட்டுல வாங்குனதுகள் வெளியவும் வாங்குத வாய்ப்பு கூடுச்சு. வீட்டுல குடுத்ததால ஒரு பாதுகாப்பும் வந்த மாதிரித் தெரியலன்னு எழுதிட்டாங்க. அவங்க ஆறு வருசம் செலவழிச்சாங்க. எங்க மாமன் ரெண்டு வாரத்துலயே நிரூபிச்சுக் காட்டிட்டாரு.

சட்டத்தையும் சொல்லிப்போடுதேன். 2015-ல வந்த சிறார் நீதிச் சட்டத்துல 77-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. 18 வயசு ஆகாத பிள்ளைக்கு, டாக்டர் சொல்லாம, எவன் மது குடுத்தாலும் 7 வருசம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூவா வரைக்கும் அபராதம். 'அப்பன் குடுத்தாப் பரவாயில்ல'ன்னு ஒரு வரி அதுல இருக்கான்னு பேத்தியை விட்டுத் தேடச் சொன்னேன். இல்ல.

அதை விடு. டாஸ்மாக்கை எடுத்துக்கோ. 2003-ல இருந்து அரசாங்கமே கடை வச்சு விக்குது. வருசத்துக்கு 40,000 கோடி ரூவாய்க்கு மேல வருமானம். விக்கதுதான் அதுக்குப் பொழப்பு. அந்தக் கடையே 21 வயசு ஆகாதவனுக்குக் குடுக்கப்பிடாதுன்னு விதி வச்சிருக்கு. கடைக்காரனே பொறுலேங்கான். பெத்தவன் உனக்கு என்ன அவசரம்?

நான் ஒண்ணும் உத்தமன் இல்ல. 71-ல கடை தொறந்ததையும் பாத்தேன், 74-ல மூடுனதையும் பாத்தேன். 81-ல தொறந்தாங்க, போனேன். 87-ல கள்ளுக்கடையை மூடுனாங்க, அதுக்கப்புறமும் வேற எடத்துக்குப் போனேன். பனை நிலம் ஒரு துண்டு அதுல போச்சு. நல்லவேளை, ஒரு நாள் எம்மவன், அப்ப அஞ்சு வயசு, தண்ணி டம்ளரை என் டம்ளர்ல இடிச்சுட்டு, கண்ணை மூடி, ஒரே மடக்குல குடிச்சு, புறங்கையால வாயைத் துடைச்சான். அச்சு அசல் நான். நான் அவனுக்கு ஒரு சொட்டுக் குடுத்தது கிடையாது. எல்லாம் பாத்தே படிச்சிருக்கான். அதுலதான் எனக்குப் புத்தி வந்துச்சு.

இதைத்தாம்லே சொல்ல வந்தேன். நீ பயலைக் கண்காணிக்கணும்ங்க. அவன் உன்னை 14 வருசமாக் கண்காணிச்சுக்கிட்டு இருக்கான். மொட்டை மாடிக்கு ஊறுகாயும் முறுக்கும் கொண்டு வந்து குடுக்கது யாரு? அவன்தான? ஐஸ் கட்டி எத்தனை போடணும்னு உன் கூட்டாளி ஒவ்வொருத்தனுக்கும் கணக்கு வச்சிருக்கான், கேட்டுப் பாரு. அவனுக்குத் தனியா டேஸ்ட்டு வேற காட்டணுமோ?

"கேட்டா என்னன்னுதான் சொல்ல?"ங்க. உள்ளதைச் சொல்லு. அது உடம்புக்கு நல்லதில்ல, உன் மூளை இன்னும் வளந்துக்கிட்டு இருக்கு, இப்ப வேண்டாம்னு சொல்லு. என் பனை நிலம் போன கதையைச் சொல்லு, எனக்கு ஒண்ணும் கோவமில்ல. "நீ மட்டும் குடிக்கியே?"ன்னு திருப்பிக் கேப்பான். கேக்கணும். அந்தக் கேள்விக்குப் பயந்துதாம்லே நீ அவன் கையிலயும் ஒரு கிளாஸைக் குடுக்கப் பாக்க. ரெண்டு பேரும் குடிச்சா எவன் எவனைக் கேக்க முடியும்?

அதனால மொதல்ல உன் கலயத்தைக் கழுவு. ஊறுகாய்க்கு அவனை அனுப்பாத. கூட்டாளிகளை வேற மாடி பாக்கச் சொல்லு. முடிஞ்சா நிறுத்து. முடியலன்னா டாக்டரைப் பாரு, அதுல வெக்கம் என்ன இருக்கு? பிள்ளைக்கு நீ தடவுத சுண்ணாம்பு அதுதான்.

நாளைக்கு விடியக்காலம் பயலைப் பனங்காட்டுக்கு அனுப்பி வை. பட்டையில பதனீரு ஊத்தித் தாரேன், என் கண்ணு முன்னாலதான் குடிப்பான். நீயும் வந்தா உனக்கும் ஒரு பட்டை உண்டு. வந்தா வெறும் வயித்தோட வா, நேத்து மாதிரி வாடையோட வராத.